கோழி ஷெட்ல நுழைஞ்சா கண்ணு எரியுதே, ஏன்?

கோழி எச்சத்துல வெள்ளையா இருக்கே, அது யூரிக் அமிலம். தரையில பரப்பியிருக்குற கூளம் (உமி, மரத்தூள் மாதிரி) ஈரமானா பாக்டீரியா அதை உடைச்சு அம்மோனியா வாயுவா மாத்திடும், கழுவாத பாத்ரூம்ல மூக்குல ஏறுற அதே நெடிதான். கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பனிக்காலத்துல குளிருதேன்னு நாலு பக்கமும் படுதாவை இறக்கிடுறோம், கோழி விடுற மூச்சோட ஈரம், வாயு ரெண்டும் உள்ளேயே தங்கிடுது, கூளம் காயவே காயாது. காத்துல அம்மோனியா 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 25 பங்கு) தாண்டினா மூச்சுக்குழாய் கெட்டு சளி புடிக்கும், கண்ணு வீங்கும், எடை ஏறாது. வெளிய போற அம்மோனியாவும் சும்மா போகல, மழையோட இறங்கி ஓடையில நைட்ரஜனை ஏத்தும், மண்ணுல அமிலத்தன்மை கூடும். படுதா மேல ஒரு சாண் தொறந்தே வைங்க, தண்ணி நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கிற குழாய் முனை) ஒழுகுதான்னும் பாருங்க (எல்லாரும் மறக்குறது இதைத்தான்). சுண்ணாம்பு தூவினா நெடி போயிடும்னு நிறைய பேர் சொல்வாங்க, ஈரக் கூளத்துல அது காரத்தன்மையை கூட்டி அம்மோனியாவை இன்னும் கிளப்பித்தான் விடும்.