பத்தாயிரம் பேருக்கு ஒரு மாதம்

அன்புள்ள ஐயா,

கோட்டாறு திருவிழா பற்றிய உங்கள் குறிப்பில், பதினாறாம் நூற்றாண்டில் இங்கே மதம் பரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எங்களுடையது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். என் பாட்டி இதை ஒரு புதுமையாகவே, அதாவது அற்புதமாகவே சொல்வார். உடன் வேலை செய்யும் நண்பரிடம் சொன்னபோது, “நாளைக்கு முந்நூறு பேரா? தண்ணி லாரி வைத்துத் தெளித்தாரா?” என்று சிரித்துவிட்டார். அந்த எண்ணிக்கை உண்மைதானா? உண்மை என்றால், எங்கள் முன்னோர்களுக்கு என்ன நடக்கிறது என்றாவது புரிந்திருக்குமா?

பெயர் வேண்டாம்,
குமரி மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

தண்ணி லாரி நல்ல கற்பனை. அந்த எண்ணிக்கையைச் சொன்னவர் சவேரியாரேதான். 1545 ஜனவரி 27 அன்று கொச்சியிலிருந்து ரோமில் உள்ள தன் இயேசு சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தேன் என்கிறார். 1544 நவம்பர் 10 அன்று மணப்பாட்டிலிருந்து கடிதம் எழுதியவர் டிசம்பர் 16 அன்று கொச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்ததெல்லாம் இடைப்பட்ட நாட்களில். பூவார், தூத்தூர், தேங்காய்ப்பட்டணம், இனயம், குளச்சல், கடியப்பட்டணம், முட்டம், பள்ளம் உட்பட உங்கள் கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் ஊர்கள் பதின்மூன்று. ஊருக்கு எழுநூறு, எண்ணூறு பேர் என்று வருகிறது. பத்தாயிரம் கைக்கணக்காகத்தான் இருக்கும், தலையெண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் நம்ப முடியாத எண்ணிக்கை ஒன்றும் இல்லை.

எப்படிச் செய்தார் என்பதையும் அதே கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். முதலில் ஆண்களும் பையன்களும் ஓரிடத்தில் கூடுவார்கள். சிலுவை அடையாளம் போட மூன்று முறை சொல்லிக்கொடுப்பார். பிறகு வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் எல்லாவற்றையும் அவர்கள் மொழியிலேயே உரக்கச் சொல்வார். கூட்டம் திருப்பிச் சொல்லும். பிரமாணத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “விசுவசிக்கிறீர்களா?” என்று கேட்பார். நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து “ஆம்” என்பார்கள். அதன்பின் தண்ணீர். ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதியே கொடுத்தார், ஓலையாகத்தான் இருந்திருக்கும். ஆண்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்ப, மறுபடி முதலிலிருந்து எல்லாம். கடைசியில் அந்த ஊர் மக்களையே விட்டுக் கோயில்களையும் சிலைகளையும் உடைக்கச் செய்தார். மந்திரங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு, காலையும் மாலையும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

சிலைகள் உடைந்ததை மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் (அந்தக் கால நாணயம்) அபராதமும் மூன்று நாள் சிறையும் விதித்தவரும் அவர்தான். குடித்த ஆண்களுக்கு என்ன தண்டனை என்று உங்கள் பாட்டி கேட்டால் நான் பொறுப்பல்ல.

இனி, புரிந்திருக்குமா என்ற கேள்வி. அவர் வந்து நின்ற காலையில் யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. ஊர் முன்கூட்டியே முடிவெடுத்திருந்தது. கிழக்குக் கரையில் பரதவர்கள் எட்டு வருடங்களுக்கு முன்பே, முத்துக்குளிப்புச் சண்டையில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு வேண்டி, கூட்டமாக மதம் மாறியிருந்தார்கள். அதனால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பது மேற்குக் கரை மீனவர்களான முக்குவர்களுக்கும் தெரியும். 1544 ஜூனில் வடுகர் (தெலுங்கர்) படை குமரிமுனை வரை வந்து சூறையாடியது. ஜனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்காற்று. துடுப்பு போட்டும் முடியவில்லை, கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. திரும்பி வந்து, பிறகு தரைவழியாக நடந்தே போனார். திருவிதாங்கூர் அரசருக்கும் அந்தப் படையிடம் பயம் இருந்தது. போர்த்துகீசியரின் தயவு அவருக்கும் தேவைப்பட்டது. அதனால் தன் கரையில் ஞானஸ்நானம் கொடுக்க அனுமதித்தார். நவம்பரில் ஊர் ஊராகக் கூட்டம் கூடிய பின்னணி இதுதான். ஜூன் இல்லாமல் நவம்பர் இல்லை என்றே நினைக்கிறேன்.

இதைச் சொன்னால், “அப்படியானால் பாதுகாப்புக்காகத்தானா?” என்பார் உங்கள் நண்பர். ஆமாம், அதற்காகவும்தான். கடலை நம்பிப் பிழைக்கும் சனங்கள் பாதுகாப்பையும் கடவுளையும் இரண்டு தனி விஷயங்களாக எப்போது வைத்திருந்தார்கள்?

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சவேரியாருக்குத் தமிழ் பேச வராது. அவர் தாய்மொழி பாஸ்க். இவர்கள் மொழி மலபார் (தமிழைத்தான் அப்படிச் சொல்கிறார்), என் மொழி பாஸ்க், ஒருவருக்கொருவர் புரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்த ஆட்களை உட்காரவைத்துப் பல நாட்கள் மந்திரங்களை மொழிபெயர்க்கச் செய்து, அதை மனப்பாடம் செய்துகொண்டார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு கோளாறு. ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று வந்துவிட்டது. பிற்பாடு அதைக் கண்டுபிடித்து, உடன் வேலை செய்த மன்சிலாஸ் என்பவருக்கு அவசரமாக எழுதுகிறார்: வேணும் என்று சொல்லாதே, விசுவாசம் என்று சொல். இன்னொரு இடத்தில் ‘வம்பினாலே’ என்று இருக்கிறது, அதையும் எடுத்துவிடு, கிறிஸ்து விரும்பித்தான் பாடுபட்டார், யாரும் வம்பு செய்து அல்ல.

ஆக, அந்தத் திருத்தம் வரும்வரை இந்தக் கரையில் ஒரு கூட்டம் காலையும் மாலையும் “கடவுள் எனக்கு வேணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. இறையியல்படி அது பிழைதான். உங்கள் முன்னோர்களுக்கு என்ன புரிந்தது என்று கேட்டீர்கள் அல்லவா? இந்த ஒரு சொல் கட்டாயம் புரிந்திருக்கும்.

அவர் உடம்பு என்ன பாடு பட்டது என்பதும் கடிதங்களில் இருக்கிறது. ஒரு வருடம் முன்பு, 1544 ஜனவரியிலேயே, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோகின்றன, பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்கிறார். பிள்ளைகள் வந்து மந்திரம் சொல்லிக்கொடு என்று பிடித்துக்கொண்டால் சாப்பிடவோ தூங்கவோ விடமாட்டார்களாம். (ஓய்ந்துபோன அந்த வலது கையின் முன்பகுதி 1614இல் வெட்டி எடுக்கப்பட்டு ரோமுக்குப் போனது. அங்கே இயேசு சபையின் ஜேசு கோவிலில் இன்றும் வைத்திருக்கிறார்கள். உடலின் பெரும்பகுதி கோவாவில்.)

ஆனால் அவர் ஓர் ஊரில் இருந்தது ஓரிரு நாள். மீதி வருடம் முழுக்க அந்த மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தது ஊரில் இருந்த கணக்கப்பிள்ளைகள். உபதேசியார் என்ற பெயர் பின்னால் வந்தது. அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று வருடம் நாலாயிரம் பணம் போய்க்கொண்டிருந்தது. அதை எனக்குக் கொடுங்கள், நீங்கள் மோட்சத்துக்குப் போக இதைவிட நல்ல செருப்பு கிடையாது என்று ராணிக்குச் சொல்லி அனுப்பினார். ராணியும் கொடுத்தார். சவேரியாரின் புதுமைகளில் நான் முழுசாக நம்புவது இதைத்தான்.

மன்சிலாஸ் பற்றி ஒரு வார்த்தை. பெரிய படிப்பாளி இல்லை. மொலுக்கஸ் தீவுகளுக்குப் போகச் சொன்னபோது போகவில்லை என்று 1548இல் சவேரியாரே அவரைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார். அப்படியும் அந்த மனிதர், தனக்கு வந்த கடிதங்களைக் கிழித்துப் போடாமல் சாகும்வரை வைத்திருந்தார். பாறையில் கிடந்த ஜனங்கள், எதிர்காற்று, சாராய அபராதம், ‘வேணும்’ எல்லாம் நமக்குக் கிடைத்தது அவரிடமிருந்துதான். ரோமுக்குப் போன கடிதங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால், உங்கள் நண்பர் சிரிப்பதற்கு அந்தப் பத்தாயிரம் மட்டும்தான் இருந்திருக்கும்.

பாட்டியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரில் மந்திரம் சொல்லிக்கொடுத்தது யார்? சாமியாரா, உபதேசியாரா, இல்லை பக்கத்து வீட்டுக் கிழவியா?

அன்புடன்.