நிலத்தை அடமானம் வைக்காதீர்கள் அண்ணாச்சி, பிள்ளையின் நோட்டைப் பாருங்கள்

மகளை ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் மச்சினர் ஏஜென்ட்டிடம் பேசிவிட்டார், நிலத்தை அடமானம் வைக்கவும் ஆள் பார்த்தாகிவிட்டது. நேற்று "பதறாதீங்க" என்றேன். இன்று நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். ஆறு வருஷச் செலவு, திரும்பி வந்தால் தகுதித் தேர்வு, அதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், அங்கே வார்டில் படுத்திருப்பவர் ரஷ்ய மொழியில்தான் வலியைச் சொல்வார்.

மகளிடம் தனியாகப் பேசினேன். மருத்துவம் என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். ரஷ்ய மொழி என்றதும் நோட்டை எடுத்தாள். 33 எழுத்தும் தானாகப் படித்திருக்கிறாள். ஒரு பக்கத்தில் 'யா ச்சித்தாலா', எதிரே "படிச்சிட்டிருந்தேன்". கீழே 'யா ப்ரச்சித்தாலா', எதிரே "படிச்சு முடிச்சிட்டேன்". ரஷ்ய வினைச்சொற்கள் பெரும்பாலும் இப்படி ஜோடியாக வரும்: நடந்துகொண்டிருந்தது ஒன்று, முடிந்துபோனது ஒன்று. புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் திணறுவார்கள். இவள் வீட்டுத் தமிழை வைத்தே பிடித்துவிட்டாள். 'ம்ன்யே ஹோலதன' என்றால் "எனக்குக் குளிருது". நம்முடைய அதே நான்காம் வேற்றுமை!

சிரமம் வேறு இடத்தில். நடந்தாலும் பஸ்ஸில் போனாலும் நமக்கு 'போறேன்'தான். அங்கே நடந்து போனால் 'இதூ', வண்டியில் போனால் 'யேதூ'. "அப்போ சைக்கிள்ல போனா?" என்று உடனே கேட்டாள். யேதூதான். ஆனால் அந்தக் கேள்வி யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, அண்ணாச்சி.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி பி.ஏ. ஆனர்ஸ் மூன்று வருஷம். அதில் சேர க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொழியை முதல் எழுத்திலிருந்து கற்றுத்தருவார்கள். கட்டணம் மிகக் குறைவு, விடுதியும் சாப்பாடும்தான் செலவு. ஹைதராபாத்தில் இஃப்ளு என்ற மொழிப் பல்கலைக்கழகத்திலும் ரஷ்யன் உண்டு. உங்கள் பக்கத்துக் கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டு உலையும், கட்டிவரும் நான்கும் ரஷ்ய வடிவமைப்பு. மொழிபெயர்ப்பு, மருந்து ஏற்றுமதி, சுற்றுலா என்று வேலைக்கு வழி இருக்கிறது. பட்டம் மட்டும் போதாது, டார்ஃபில் என்ற ரஷ்ய மொழித் திறன் தேர்வில் பி2 என்ற நிலை வரை போக வேண்டும். அதற்கு உழைப்பு அவளுடையது.

இப்போதைக்குத் தினம் ஐந்து வினைச்சொல் போதும். தனிச்சொல்லாக வேண்டாம், ஜோடியாக, 'நேற்று', 'தினமும்' சேர்த்து வாக்கியமாக எழுதட்டும்.

ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மச்சினரை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.