நண்பருக்கு ஆபரேஷன்: எப்படி ஜெபிப்பது?

ஆஸ்பத்திரி ஜெப ஊழியத்தில் இருக்கும் ஒருவர், வந்த கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

தோழிக்கு அடுத்த வாரம் கர்ப்பப்பை ஆபரேஷன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதற்கு மேல் எனக்கு ஜெபிக்க வரவில்லை.

"எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். ஒருவருக்கு ஆபரேஷனைவிட மயக்க ஊசிதான் பயம். இன்னொருவருக்கு, பிள்ளைக்கு யார் சோறு போடுவார் என்ற கவலை. அதையே சொல்லி ஜெபியுங்கள். முந்தின ராத்திரித் தூக்கம், மயக்க டாக்டர், கத்தி பிடிக்கும் கை, கண் விழித்ததும் வரும் வலி, வெளியே பெஞ்சில் டோக்கனும் மருந்துச் சீட்டுமாக உட்கார்ந்திருக்கும் கணவர்... ஒவ்வொன்றாகச் சொல்லலாம். மயக்கத்துக்குப் பயப்படுகிறவருக்கு பைபிளிலிருந்து 121ஆம் சங்கீதம் வாசித்துக் காட்டுங்கள். எட்டே வசனம். அவர் நினைவில்லாமல் கிடக்கும் நேரத்திலும், காக்கிறவர் "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை".

"உமக்குச் சித்தமானால்" என்று ஜெபித்தால் அவிசுவாசம் என்கிறார்களே?

அப்படியானால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்ததை என்ன சொல்வது? மாற்கு 14:36ஐப் பாருங்கள். இந்தப் பாத்திரத்தை, அதாவது வரப்போகிற பாடுகளை, எடுத்துப்போடும் என்று வேண்டியதை முதலில் நேராகவே கேட்டார். அப்புறம்தான் "உம்முடைய சித்தம்". நீங்களும் சுகத்தைத் தயங்காமல் கேளுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். அப்போஸ்தலன் பவுல், மாம்சத்தில் ஒரு முள் என்று தான் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா? நோயாளியின் தலைமாட்டில் நின்று "விசுவாசம் இருந்தால் ஆபரேஷனே வேண்டாம்" என்று பேசுகிறவரை, காபி குடிக்கலாம் வாருங்கள் என்று கேன்டீனுக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

அப்படியானால் ஆபரேஷன் செய்துகொள்வது விசுவாசக் குறைவு இல்லையா?

இல்லை. ஏசாயா 38இல், சாகக்கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், 15 வருஷம் ஆயுள் கூட்டிக் கிடைத்தது. அதே அதிகாரத்தில்தான் அவருடைய பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்லியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான்.

எண்ணெய் பூசலாமா? உபவாசம் இருக்கலாமா?

யாக்கோபு 5:14 சபை மூப்பர்களை அழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. சபை ஐயரையோ பாஸ்டரையோ முந்தின நாளே வரச் சொல்லுங்கள். நெற்றியில் ஒரு துளி போதும். ஆபரேஷன் செய்யும் இடத்தில் தடவவே கூடாது, நர்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உபவாசம் உங்களுக்கு மட்டும். நோயாளிக்கு டாக்டர் சொல்லும் வெறும் வயிறே போதும்.

நண்பர் இந்து. நான் ஜெபிக்கலாமா?

கேட்டுவிட்டு ஜெபியுங்கள். பெரும்பாலும் "சரி, பண்ணுப்பா" என்பார்கள். வேண்டாம் என்றால் வீட்டில் முழங்கால் போடுங்கள். பயந்து படுத்திருப்பவரிடம் பிரசங்கம் செய்யாதீர்கள்.

சபை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

அவர் சம்மதித்தால் போடலாம். "சகோதரிக்கு வியாழன் காலை ஆபரேஷன், ஜெபியுங்கள்" என்பது போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள், ஆண்டவருக்கு அது தேவையில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் இன்னொரு செய்தி போடுங்கள்: யார் யார் எந்த நாள் சாப்பாடு கொண்டுபோகிறீர்கள் என்று.