கார்டு வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: அலுவலகம் ஒன்றில் கழித்து விற்ற டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 டவர் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஐ5-3470 பிராசஸர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. மகள் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் செய்ய (முழுப் படமாக்க) இரவு முழுவதும் ஓடவிடுகிறாள். மகனுக்கு விளையாட்டு வேண்டும். கடைக்காரர் புதிய 4 ஜிபி ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டைக் காட்டுகிறார். தெரிந்தவர் ஒருவர், தான் பயன்படுத்திய 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கார்டைத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: இரண்டுமே வேண்டாம். ஏன் என்று விளக்கிவிடுகிறேன். கார்டு வாங்கும்போது ஏமாறுகிற இடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கிவிடுகின்றன.

ஜிடி 730 வெளிவந்தது 2014இல். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '4 ஜிபி' என்றிருப்பதைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். நினைவகம் எத்தனை ஜிபி என்பதைவிட அது என்ன வகை என்பதே முக்கியம். 64 பிட் டிடிஆர் 3 (சாதாரண ரேம் வகை) நினைவகம் கொண்ட ஜிடி 730, நொடிக்கு 14 ஜிபி அளவுக்குத்தான் தரவைக் கடத்தும். உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு ரேம் ஜோடியாகப் போடப்பட்டிருந்தால் அதன் வேகமே 25 ஜிபியைத் தொடும். ஏற்கெனவே வீட்டில் இருப்பதைவிட மெதுவான நினைவகத்துக்குப் பணம் கொடுப்பதாக ஆகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் ஜிடிடிஆர் 5 (கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கென்றே உள்ள வேகமான நினைவகம்) வகையில் இது 128 ஜிபி, ஜிடிடிஆர் 6 வகையில் 192 ஜிபி. மூன்று கார்டுகளின் அட்டைப் பெட்டியிலும் '4 ஜிபி' என்றே அச்சாகியிருக்கும்.

இதே குழப்பம் ஜிடி 1030 கார்டிலும் உண்டு. 2017இல் அது ஜிடிடிஆர் 5 நினைவகத்துடன் வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் சாதாரண டிடிஆர் 4 போட்டு விற்கத் தொடங்கினார்கள். கடத்தும் வேகம் 48 ஜிபியிலிருந்து 17 ஜிபிக்குக் கீழே இறங்கிவிட்டது. பெயரை மாற்றாமல் பொருளை மாற்றுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். எந்தக் கார்டானாலும் நினைவக வகை பில்லில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

ஆர்எக்ஸ் 580 உண்மையிலேயே நல்ல கார்டு. உங்கள் பெட்டிக்குத்தான் பொருந்தாது. 7010 டவரின் பவர் சப்ளை 275 வாட். பிராசஸருக்கு 77 வாட், இந்தக் கார்டுக்கு 185 வாட். கூட்டினால் 262. மீதி 13 வாட்டில் மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். மேலும் இந்தக் கார்டுக்குத் தனியாக 8 முள் மின் இணைப்பு தேவை. உங்கள் பவர் சப்ளையில் அது கிடையாது. அப்போது யாராவது, ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து மாற்றிக் கொடுக்கும் இணைப்பு ஒன்றை நீட்டுவார்கள். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 8 முள் இணைப்பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகிக் கருகும். இரவு முழுவதும் ஆள் இல்லாமல் ஓடும் கம்ப்யூட்டரில் இந்த விஷப்பரீட்சை கூடவே கூடாது.

உங்கள் மகளின் வேலைக்கு வருகிறேன். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ், 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் ஓப்பன்சிஎல் (கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று) ஆதரவைக் கைவிட்டது. ஆர்எக்ஸ் 580 தலைமுறை ஏஎம்டி கார்டுகள் அதை நம்பித்தான் இருந்தன. அதன் பிறகு வந்த பதிப்புகளில் அந்தக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, பிராசஸரே ரெண்டர் செய்துகொண்டிருக்கும். பணமும் போய், இரவு முழுவதும் காத்திருப்பதும் தொடர்ந்திருக்கும்.

அப்படியானால் எது? மதர்போர்டின் நீளமான ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் ஓடும், தனி மின் இணைப்பு கேட்காத, பிளெண்டர் ரெண்டரிங்குக்கும் உதவும் என்விடியா நிறுவனக் கார்டு உங்களுக்கு ஏற்றது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அத்தகையது. ஆனால் அதே பெயரில் 6 முள் இணைப்பு வைத்த கார்டுகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வகை: 70 வாட், பெரும்பாலானவற்றுக்குத் தனி மின் இணைப்பு வேண்டாம். அதே 3050 பெயரில் இருக்கும் 8 ஜிபி வகை 130 வாட் கேட்கும். 'கூடுதல் ஜிபி' என்று மயங்கி அதை எடுத்துவிடாதீர்கள்.

என் தேர்வு 3050 6 ஜிபி. விளையாட்டில் உங்கள் 2012ஆம் ஆண்டுப் பிராசஸர் கார்டைப் பின்னுக்கு இழுக்கும். மகனுக்கு 1650க்கும் 3050க்கும் உள்ள வித்தியாசம் முழுதாகக் கிடைக்காது. ரெண்டரிங் அப்படி இல்லை, அங்கே பாரத்தைச் சுமப்பது கார்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில் ஐ5-3470 இல்லை. இந்தப் பெட்டிக்கு நீண்ட ஆயுள் இல்லை. கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டக்கூடிய பொருளில் பணத்தைப் போடுவதே நல்லது. பழைய ஹார்ட் டிஸ்கில்தான் ஓடுகிறது என்றால், கார்டுக்கு முன்பு ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள். அதையும் உடன் எடுத்துப் போகலாம்.

ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) உள்ள கம்ப்யூட்டர்களில் புதிய கார்டுகள் சில நேரம் திரையில் எதையுமே காட்டாது. டெல் தளத்திலிருந்து கடைசி பயாஸைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கேயே மாட்டி, படம் வருகிறதா, மூடி சரியாக மூடுகிறதா, அரை மணி நேரம் கடினமான வேலை கொடுத்தாலும் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆட்டோ செலவு ஆகும்தான். திருப்பிக் கொடுக்க அலைவதைவிட அது குறைவு.

கேள்வி: இணையத்தில் மிக மலிவாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கினேன். விளையாட்டுகள் எல்லாம் திணறுகின்றன. விற்றவர் பதில் சொல்லவே இல்லை. கார்டில் பழைய மானிட்டருக்கான நீல நிற விஜிஏ துளையும் இருக்கிறது.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: அந்த நீலத் துளையே சந்தேகப்பட வைக்கிறது. 1050 டிஐ சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது. ஜிடிஎஸ் 450 போன்ற 2010ஆம் ஆண்டுச் சிப்பின் பயாஸை மாற்றியெழுதி, 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். இத்தகைய போலிகள் பலவற்றை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும்.

அந்தத் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் இரு பக்கங்கள், அட்டைப் பெட்டி, பில், விற்பனைப் பக்கத்தில் இருந்த விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடலாம், இன்றே செய்யுங்கள். விற்றவரை விட்டுவிட்டு, இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, உங்கள் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாங்கியதிலிருந்து 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அதே கார்டு நாளை இன்னொரு மாணவரின் கைக்குப் போகும்.

கேள்வி: என் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. புதிய கார்டு வாங்கினால் மானிட்டரையும் மாற்ற வேண்டுமா?
– காரைக்குடி வாசகர்

பதில்: வேண்டாம். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள், உள்ளே சிப் வைத்ததாக இருக்க வேண்டும். வெறும் வயராக விற்கப்படுவது வேலை செய்யாது.