'தி லாஸ்ட் எம்பராக்ஸ்' ஒலிநூலை முந்தைய பாகங்கள் இல்லாமல் தனியாகக் கேட்கலாமா?

கேட்க வேண்டாம் என்பதே என் பதில். ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும் என்றும், கதையின் முடிவை அறிந்துகொண்டால் போதும் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்து, ஆங்கில நாவலைக் கையில் எடுத்தால் பத்தாம் பக்கத்திலேயே அகராதியைத் தேடுகிறவராக இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஜான் ஸ்கால்சி எழுதிய மூன்று பாகத் தொடரின் நிறைவு நூல் இது. 2017-இல் 'தி கொலாப்சிங் எம்பயர்', 2018-இல் 'தி கன்சூமிங் ஃபயர்', 2020 ஏப்ரல் 14 அன்று இந்த மூன்றாம் பாகம் என்ற வரிசையில் நூல்கள் வந்தன. மூன்று ஒலிநூல்களையும் வாசித்தவர், 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் இளம் வயதில் நடித்த வில் வீட்டன். கதையில் மனிதர்கள் விண்வெளியெங்கும் குடியேறியிருக்கிறார்கள். ஆனால் 'எண்ட்' என்ற ஒரே ஒரு கோளில்தான் வெட்டவெளியில் நின்று மூச்சுவிட முடியும். மற்றவர்கள் நிலத்தடி நகரங்களிலும் விண்ணில் சுழலும் குடியிருப்புகளிலும் வாழ்கிறார்கள். இவர்களை இணைப்பது 'ஃப்ளோ' என்ற வழித்தடம். எந்த ஊரும் பிற ஊர்கள் இல்லாமல் பிழைக்க முடியாதபடி பேரரசு திட்டமிட்டே அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பொருளும் ஒரு வணிகக் குடும்பத்தின் தனியுரிமை, எலுமிச்சை ஆரஞ்சு வகைப் பழங்கள் முழுவதும் லாகோஸ் குடும்பத்துக்கு என்பது போல. அந்தத் தடங்கள் ஒவ்வொன்றாக மறையப்போகின்றன என்று ஓர் அறிவியலாளர் கணக்கிட்டுச் சொல்லும் நேரத்தில், எதிர்பாராமல் அரியணை ஏறுகிறாள் கார்டீனியா என்ற இளம்பெண். அவளுடைய பட்டமான 'எம்பராக்ஸ்' ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது.

கடைசிப் பாகத்தில் நடப்பவை எல்லாம் முதல் பாகத்தில் நட்ட விதைகளின் விளைச்சல். இறந்துபோன முன்னாள் எம்பராக்ஸ்களின் நினைவுகளோடு கார்டீனியா பேசும் அறை ஒன்று முதல் பாகத்திலேயே வருகிறது. அந்த அறைக்குள் அவளோடு பலமுறை போய்வராதவருக்கு இறுதிப் பகுதி வெறும் செய்தியாகத்தான் கேட்கும். அதற்கு மேல் முடிவைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன்.

இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியாததற்குக் காரணம் உண்டு. நான் தேனி மாவட்டத்துக் கம்பத்தில் வசிக்கிறேன். வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். விடியற்காலையில் தோட்ட ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்துக்குள் போய், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோம். கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தால் எனக்குக் குமட்டிவிடும். அதனால் முந்தைய இரவே வீட்டு இணையத்தில் பதிவிறக்கிக்கொண்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக் கேட்டுவந்தேன். மற்றொரு காது ஜீப்பில் இருக்கும் பெண்களின் பேச்சுக்கு. முதல் இரண்டு பாகங்களையும் அப்படித்தான் முடித்தேன். புரியாத இடங்களை அரை நிமிடம் பின்னால் தள்ளி மூன்று முறைகூடக் கேட்டிருக்கிறேன்.

ஜீப்பில் வரும் பெரியம்மா ஒருவர், காய் தரம் பிரிப்பதில் எங்கள் ஸ்டோரிலேயே கை தேர்ந்தவர், நான் என்ன கேட்கிறேன் என்று விசாரித்தார். தமிழில் கதையைச் சொன்னேன். எம்பராக்ஸ் என்ற சொல்லுக்குத் தமிழ் தேடித் தடுமாறினேன். 'அவர்' என்று சொல்லிப் பார்த்தபோது ஆணா பெண்ணா என்ற சிக்கலே எழவில்லை. ஆனால் பெரியம்மா அவரை 'ராணி' என்றே வைத்துக்கொண்டார். ஒரு நாள் அவர் கேட்டார்: "ஏந் தம்பி, ரோடு அடைக்கப்போகுதுன்னு அந்த ராணிக்கு முன்னாடியே தெரியுதுல்ல? அப்ப சனத்தை முதல்லயே கூட்டியாந்து அந்த நல்ல ஊருல எறக்கவேண்டியதுதான?" தொடர் முழுவதையும் தாங்கி நிற்கும் கேள்வி அது. அத்தனை மக்களையும் ஏற்றிவரக் கப்பல்கள் போதாது, காலமும் போதாது. கப்பல் வைத்திருக்கும் பெரிய குடும்பங்களோ தங்களையும் தங்கள் செல்வத்தையும் மட்டும் கரைசேர்க்கப் பார்க்கின்றன. அப்போது எனக்கு மூன்றாம் பாகம் கிடைக்கவில்லை. வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. கம்பம்மெட்டு, குமுளிப் பாதைகள் இரண்டும் எங்களுக்கு அடைபட்டன. எங்கள் பள்ளத்தாக்கின் காய்கறியும் அரிசியும் மேலே ஏறும்; மேலிருந்து ஏலமும் மிளகும் இறங்கும்; 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அங்கிருந்துதான் எங்கள் வயல்களுக்கு வருகிறது. மலை கேரளத்திலும் வயல் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. பிழைப்பு இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. 21 நாள் முடியவேண்டிய ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில், மே 3 வரை ஊரடங்கை நீட்டித்த அறிவிப்பு வந்தது. நூல் வெளிவந்ததும் அதே நாள். எழுத்தாளர் அதை முன்கூட்டி எழுதி முடித்தவர், எங்கள் ஊரை அறியாதவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, மேட்டுச் சாலையில் ஒரு வண்டி விளக்குகூட நகராத இருட்டைப் பார்த்தபடி, தடங்கள் மூடும் பேரரசின் கதையைக் கேட்டது எனக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பிற்பாடு அனுமதிச் சீட்டுக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் காரணம் சொல்லாமலே நிராகரித்தார்கள். தினக்கூலியில் வாழும் ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்கிறவர்கள் ஏன் இல்லை என்பதை ஒரு வரியிலாவது எழுதவேண்டும் என்று இன்றும் கருதுகிறேன்.

ஒலிநூல் கேட்பது வாசிப்பே ஆகாது என்று இலக்கியக் கூட்டம் ஒன்றில் பலர் முன்னிலையில் ஒருவர் என்னிடம் சொன்னார். இங்கும் அப்படி யாராவது எழுதுவார்கள். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து வள்ளுவர் வைத்திருப்பது கேள்வி என்ற அதிகாரம். நான் அச்சு நூலைத் தாழ்த்தவில்லை; அச்சில் என்றைக்கும் தொட்டிருக்க முடியாத ஒரு நூல் காது வழியாக என்னை வந்தடைந்தது என்கிறேன். வீட்டன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெரிதாகக் குரல் மாற்றுவதில்லை; உரையாடல் நீளும்போது பேசுபவர் யார் என்று தடுமாற நேரும். அதை ஈடுகட்டுவது அவருடைய வேகக் கட்டுப்பாடு. லாகோஸ் குடும்பத்துப் பெண்ணான கீவா லாகோஸ் வாய் திறந்தால் வசைமழை பொழியும் இடங்களில் விரைந்து செல்பவர், கார்டீனியா தனித்திருக்கும் இடங்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறார். ஆங்கிலம் பழகாத காதுக்கு அந்த இடைவெளிதான் உதவி. வேகத்தை 0.9-க்குக் குறைத்துத் தொடங்குங்கள். வசை மிகுதி என்பதால் குழந்தைகள் அருகில் இருக்கும்போது ஒலிபெருக்கியில் போடவேண்டாம்.

பல மாதங்கள் கழித்து ஜீப் மீண்டும் ஓடத் தொடங்கிய முதல் நாள், பெரியம்மா முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, "அந்த ராணி கடைசியில சனத்தைக் கரைசேத்தாளா இல்லையா?" என்றார். கம்பத்தில் தொடங்கினேன். சோதனைச் சாவடியில் காய்ச்சல் பார்க்கும் வரிசையில் நிற்கும்போது முக்கால் பங்கு முடிந்தது. என்ன நடந்தது என்பதைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசை நகர்ந்துவிட்டதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.