இன்சென்டிவை நம்பிக் குடும்பம் ஓடும்போது சேல்ஸ் வேலையை விட முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். பெயர் வேண்டாம். வயது 36. பன்னிரண்டு வருடமாக விற்பனைத் துறையில் இருக்கிறேன், இப்போது நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கிறேன். தொகையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, அதனால் நல்ல வருடத்தில் மாதம் சராசரியாகக் கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 நிலையான சம்பளம், 40 இன்சென்டிவ், அதாவது விற்பனையைப் பொறுத்து வரும் ஊக்கத்தொகை. இன்சென்டிவ் காலாண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும். போன வருடம் மந்தம், நான்கு காலாண்டுக்கும் 90, 40, 150, 20 என்றுதான் வந்தது. வீட்டுக்கடன் தவணை 30, அதையும் சேர்த்து மாதச் செலவு 78. சேமிப்பில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. வீட்டில் சம்பாதிப்பது நான் மட்டும்தான். ஞாயிறு மாலை ஆனாலே நெஞ்சு இறுகுகிறது, காலாண்டின் கடைசி வாரத்தில் தூக்கமே வருவதில்லை. வேறொரு நிறுவனத்தில் பயிற்சியாளர் வேலை அமையும் போலிருக்கிறது, டார்கெட் கிடையாது, ஆனால் 70தான் தருவார்கள். மனைவி இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்கிறார். நண்பர் ஒருவர் என் சேமிப்பைப் போட்டுக் கூட்டாகத் தொழில் தொடங்கலாம் என்கிறார். 30 சதவீத வருமானத்தை விட்டுக்கொடுப்பது முட்டாள்தனமா?

பதில்: வணக்கம். பணக் கணக்கைத் தொடுவதற்கு முன் ஒன்று. நெஞ்சு இறுக்கத்தை நீங்களாகவே டென்ஷன் என்று முடிவு செய்துவிடாதீர்கள், இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். பதற்றமாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து கணித்துச் சொன்னார்கள். வாரக் கடைசியிலும் வாடிக்கையாளர் போனை எடுப்பவர் நீங்கள் என்றால், உங்கள் வாரம் எத்தனை மணி நேரம் என்று ஒருமுறை நேர்மையாகக் கூட்டிப் பாருங்கள். இனி வாழ்ந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் கீழே நான் சொல்லும் ஆறு மாதத் திட்டமெல்லாம் வேண்டாம். அன்றே வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள், விடுப்பு எடுங்கள். பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது, விற்பனையில் இருக்கும் நிறையப் பேரிடம் இதைப் பார்க்கிறேன். புது வேலையின் 70-ஐ நீங்கள் ஒப்பிடுவது நல்ல வருடத்தின் 100-உடன். ஆனால் அந்த 100 உங்கள் சம்பளம் இல்லை, அது உங்கள் நல்ல வருடம். போன வருடத்தின் நான்கு காலாண்டையும் கூட்டினால் 300, மாதத்துக்கு 25. நிலையான 60-உடன் சேர்த்தால் 85. மந்தமான வருடத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் விட்டுக்கொடுப்பது 15. இரண்டு வருடத்தையும் சராசரி எடுத்தால் 92 சொச்சம், அப்போதும் இழப்பு 22, 23-தான். 30 என்கிற எண் மனதில் உட்கார்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தொகை கைக்கு வரும்போது கிடைக்கும் சந்தோஷத்தைவிட அதே தொகை கைவிட்டுப் போகும்போது வரும் வலி பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதினார்கள். அதனால்தான் கிடைத்த அதிகபட்சத்தை நாம் நம்முடைய சொத்தாகவே நினைத்துவிடுகிறோம்.

உங்களுடைய போன வருடத்தைக் காலாண்டு காலாண்டாகப் பாருங்கள். செலவு மாதம் 78, நிலையான சம்பளம் 60, ஒவ்வொரு மாதமும் 18 துண்டு விழுகிறது, மூன்று மாதத்துக்கு 54. முதல் காலாண்டில் 90 வந்தபோது 36 மிச்சம். இரண்டாவதில் 40 வந்தபோது 14 பற்றாக்குறை. மூன்றாவதில் 150 வந்ததே, அந்த மாதம் வீட்டில் என்ன வாங்கினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது பெரிதாக வாங்கியிருப்பீர்கள், மூன்று மாதம் வதைபட்டு வந்த பணத்தைச் செலவு செய்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றும். அப்புறம் கடைசிக் காலாண்டில் 20. மறுபடியும் 34 துண்டு. காலாண்டு கடைசியில் நீங்கள் தூங்காமல் இருந்ததற்கு மேனேஜர் ஒரு காரணம் என்றால் இந்த 54 இன்னொரு காரணம். கையெழுத்தாகுமா ஆகாதா என்று இழுத்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு டீல், அதன் பின்னால் உங்கள் வீட்டுக்கடன் தவணை நிற்கிறது. வாடிக்கையாளரின் பட்ஜெட் கூட்டம் தள்ளிப்போனால் உங்கள் வீட்டு மளிகைக் கணக்கு உதைக்கிறது. எந்த மனிதனுக்கும் இதில் தூக்கம் வராது.

வேலையில் கேட்கப்படுவது அதிகமாகவும் முடிவெடுக்கும் கட்டுப்பாடு குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் ஒரு மாதிரியை முன்வைத்தார், இன்றும் வேலை அழுத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். விற்பனைக்கு இது அப்படியே பொருந்தும். எத்தனை பேருக்கு போன் செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது, அவர்கள் வாங்குவது உங்கள் கையில் இல்லை, ஆனால் சம்பளம் மட்டும் இரண்டாவதைப் பார்த்துத்தான் வருகிறது. டார்கெட்டை உங்களால் மாற்ற முடியாது. டார்கெட்டுக்கும் உங்கள் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கயிற்றை வெட்ட முடியும். அதனால் வேலையை விடுகிறீர்களோ இல்லையோ, முதலில் செய்ய வேண்டியது 60-க்குள் குடும்பத்தைக் கொண்டுவருவதுதான்.

முடியுமா என்றால், நீங்கள் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் முடியும் போலத்தான் தெரிகிறது. தவணை 30 போக மீதி 48-ல் எது நின்றால் வீடு நிற்கும், எது நின்றால் வெறும் முகச்சுளிப்போடு போகும் என்று மனைவியோடு உட்கார்ந்து பிரியுங்கள். சாப்பாடு, படிப்பு, மின்சாரம், மருந்து, காப்பீடு எல்லாம் சேர்ந்து 28-க்குள் அடங்கினால் உங்கள் அடிப்படைச் செலவு 58. நிலையான சம்பளமே அதைத் தாங்கும். மீதி 20 எதில் போகிறது என்று பார்க்கும்போது, சேல்ஸ் வேலையே உண்டாக்கும் செலவுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். நிறுவனம் முழுசாகத் திருப்பித் தராத பெட்ரோல், வாடிக்கையாளரோடு வெளியே சாப்பிட்டது, அதற்கென்றே வாங்கும் உடுப்பு, சமைக்கத் தெம்பில்லாமல் வரவழைத்த இரவுச் சாப்பாடு. வேலை மாறினால் இதில் பாதியாவது தானாக நின்றுவிடும். 70-ஐ ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இப்படி ஆறு மாதம் இருந்து, வருகிற இன்சென்டிவ் அத்தனையையும் சம்பளம் வராத வேறு ஒரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மந்தமான வருடத்தின் வேகத்திலேயே வந்தாலும் 150 சேரும். இப்போதைய சேமிப்பு 234. இரண்டும் சேர்ந்தால் 384. 58 என்கிற அடிப்படைச் செலவுக்கு இது ஆறரை மாதத்துக்குத் தாங்கும், ஒரு காசுகூட வருமானம் இல்லாவிட்டாலும். இன்றைக்கே விட்டால் நான்கு மாதம்தான். ஒருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறைவான கையிருப்போடு, அடுத்த வேலை எழுத்தில் கிடைக்காமல், ராஜினாமா செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சியாளர் வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில் வந்துவிட்டால் விஷயம் வேறு. அப்போது ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை, 58-க்கு 70 போதும். ஆனால் 78-க்குப் போதாது, இதை மனைவியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் "ஒரு வருடம் இருங்கள்" என்று சொல்வது உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை, அவர் கண்முன் இருப்பது 100 மட்டும். காலாண்டுக் கணக்கை எழுதிய அந்தத் தாளை அவர் முன்னால் வையுங்கள். நான் பார்த்தவரை, தாளைப் பார்த்த பிறகு பேச்சு வேறு மாதிரிப் போகும்.

இன்னொன்று. உங்களுக்கு வெறுத்துப்போனது விற்பனையா, இந்த நிறுவனமா என்று நீங்கள் எழுதவே இல்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் பர்ன் அவுட்டை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சம்பந்தப்பட்ட நிலையாகத்தான் விவரித்தது. சக்தியே இல்லாத சோர்வு, வேலையின் மேல் விலகலும் கசப்பும், தன் திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு, இந்த மூன்றும் அதற்கு அடையாளம். வேலையில் நாள்பட்ட அழுத்தத்தைச் சரியாகச் சமாளிக்க முடியாமல் போகும்போது வருவது அது. அப்படியானால் வேலையின் அமைப்பு மாறினாலே சிலருக்குச் சரியாகலாம். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு சிக்கலை விளக்கித் தீர்த்துவைக்கும்போது இன்னும் உங்களுக்குச் சந்தோஷம் இருக்கிறதா? இருந்தால் விட வேண்டியது துறையை இல்லை, அந்த இருக்கையை மட்டும். மேனேஜரிடம் ஏரியா மாற்றியோ, புது வாடிக்கையாளரைத் தேடும் வேலையிலிருந்து இருக்கிற வாடிக்கையாளரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றியோ கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டமில்லை. வெளியே என்றால் வாங்குவதற்கு முன் பொருளை விளக்கிக் காட்டும் ப்ரீ சேல்ஸ், விற்பனைக் குழுவுக்குப் பின்னால் இருந்து கணக்கும் திட்டமும் பார்க்கும் சேல்ஸ் ஆபரேஷன்ஸ் இருக்கின்றன. விற்பவன் எங்கே விலையில் இடம் வைத்திருப்பான் என்று தெரிந்தவனுக்குப் பர்சேஸ் துறையில் நல்ல மதிப்பு உண்டு, இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. வாங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும், கஸ்டமர் சக்சஸ் என்று பெயர் வைத்த வேலைகளில் மட்டும் கவனம் தேவை, பல இடங்களில் அதற்குள்ளேயும் ரினியூவல் டார்கெட், அதாவது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வைக்கும் இலக்கு, இருக்கும். பயிற்சியாளர் வேலைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: என் வேலை நன்றாக நடக்கிறது என்று எதை வைத்து அளப்பீர்கள்? நீங்கள் பயிற்சி கொடுத்தவர்களின் விற்பனை எண்ணை வைத்து என்று பதில் வந்தால், பழைய டார்கெட்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

எதற்கும் இன்றைக்கே ஒரு பெரிய கோர்ஸில் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த வேலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரோடு பேசுங்கள், உங்கள் டீமுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நீங்களே முன்வந்து வகுப்பு எடுத்துப் பாருங்கள். பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கிளம்பும் தேதியில்தான் சேல்ஸ்காரர்கள் நிறையப் பணத்தை விடுகிறார்கள். உங்கள் இன்சென்டிவ் திட்டத்தின் ஆவணத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பல நிறுவனங்களில் காலாண்டு முடிந்தால் மட்டும் போதாது, பணம் பட்டுவாடா ஆகும் நாளில் பணியில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கே கிடையாது என்று இருக்கும். வாடிக்கையாளர் பாதியில் ரத்து செய்தால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிக்கும் ஷரத்து இருந்தால், அது கடைசி செட்டில்மென்ட்டில் வந்து இடிக்கும். அதனால் காலாண்டுப் பணம் கணக்கில் ஏறிய பிறகு ராஜினாமா கொடுங்கள், அதற்கு முந்தின வாரம் கோபத்தில் கொடுக்காதீர்கள். நீங்கள் முக்கால்வாசி முடித்துவைத்த டீல்களுக்குப் பங்கு உண்டா என்று மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது எவ்வளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு நிறுவனம் கொடுத்ததாக இருந்தால் வேலையோடு அதுவும் போகும், கடைசி நாளுக்கு முன்பே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் இந்த நெஞ்சு இறுக்கத்தை மறைக்காதீர்கள், மறைத்தால் பிறகு க்ளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகும். கடன் தவணையைக் குறைக்கக் காலத்தை நீட்டிக் கேட்க நினைத்தால் அதையும் இப்போதைய சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கேளுங்கள். மொத்த வட்டி கூடும், அது தெரிந்தே செய்ய வேண்டிய காரியம், 70-ல் மூச்சு முட்டினால் மட்டும். ஓய்வுக்காலத்துக்கு என்று போட்டிருக்கும் பணத்தில் கைவைக்க வேண்டாம்.

நண்பரின் தொழில், இப்போது வேண்டாம். அந்த 234 முதலீட்டுக்கான பணம் இல்லை, அது உங்கள் வீட்டின் நான்கு மாதச் சோறு. அழுத்தத்திலிருந்து தப்பிக்க முதல் போட்டுத் தொழிலுக்குள் போனால் அங்கேயும் மாதாமாதம் வரவு தெரியாது, விற்றாக வேண்டியவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள், நண்பர் உங்களைத் தேடி வருவதே அதற்காகத்தான் இருக்கும். புது வேலையில் ஒரு வருடம் உட்கார்ந்து, ஆறு மாதக் கையிருப்பு கலையாமல் இருந்து, அதற்கு மேல் சேர்ந்தது இருந்தால் அப்போது பேசலாம். அதுவரை அவரிடம் வரவு செலவுத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள், உங்கள் பங்கு எவ்வளவு, நஷ்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது, நடுவில் விலகினால் பணம் எப்படித் திரும்பும் என்பதோடு. எழுதிக் கொடுத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.