செகண்ட் ஹேண்ட் டூயல் ஸ்போர்ட் பைக்குக்கு லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். வயசு 29, மாச சம்பளம், வேற கடன் எதுவும் இல்ல. தார் ரோடு மண் ரோடு ரெண்டுலயும் போற டூயல் ஸ்போர்ட் பைக் மேல ரொம்ப நாளா ஆசை. இப்ப ஒரு பழைய கவாஸாகி கேஎல்ஆர்650 விலைக்கு வருது, 2005 மாடல், 40,000 கிமீ ஓடியிருக்கு, சைடு பாக்ஸ், எக்ஸ்ட்ரா லைட், புது சைலன்சர்னு எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. விலை என்னோட ரெண்டு மாச சம்பளம். சேமிப்பு நாலு மாச சம்பளம் அளவு இருக்கு, அதுல ஒரு மாசத்த எடுத்து பாதி கட்டிட்டு மீதிக்கு 3 வருஷ லோன் போடலாம்னு இருக்கேன், 12 சதவீதம் ஃப்ளாட். இஎம்ஐ சம்பளத்துல 4 சதவீதம் கூட வரல. இதுவரைக்கும் ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டியிருக்கேன். சின்னதா ஒரு அட்வான்ஸ் குடுத்துட்டேன். சரியாதான் பண்றேனா?

பதில்: வணக்கம் தம்பி. முதல்லயே சொல்லிடறேன், பைக் வேணாம்னு சொல்ல போறதில்ல. செலவு பண்ணி சந்தோஷப்படற விஷயங்கள்ல பழைய டூயல் ஸ்போர்ட் பைக் அவ்ளோ மோசமான விஷயம் இல்ல, ஏன்னா அது விழ வேண்டிய விலையெல்லாம் முதல் ஓனர் கைலயே விழுந்து முடிஞ்சிருக்கும், நல்லா பாத்து வாங்கினா ரெண்டு வருஷம் ஓட்டிட்டு கிட்டத்தட்ட வாங்கின விலைக்கே தள்ளி விடலாம். ஆனா நீங்க போட்ட கணக்குல வண்டியோட விலை மட்டும்தான் இருக்கு, முதல் வருஷத்தோட செலவு இல்ல. பழைய வண்டி வாங்கறவங்க மாட்டிக்கறது அங்கதான்.

முதல்ல அந்த லோன். 12 சதவீதம் ஃப்ளாட்னா என்ன அர்த்தம்னா நீங்க மாசாமாசம் அசல அடைச்சிட்டே வந்தாலும் மூணு வருஷமும் முழு தொகைக்கும் வட்டி கட்டறீங்க. 100 வாங்கினா 36 வட்டி, மொத்தம் 136. இதையே குறையற பாக்கி மேல கணக்கு போட்டா வருஷத்துக்கு ஏறக்குறைய 21 சதவீதம் வருது. இஎம்ஐ சின்னதா தெரியறதால யாரும் இத கணக்கு போட்டு பாக்கறதில்ல, நீங்க மட்டும் இல்ல. உங்க லோன் ஒரு மாச சம்பளம், அப்ப வட்டி மட்டும் மாச சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகுது. நல்ல ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட், கிளவுஸ் எல்லாத்துக்கும் சேத்து நான் கீழ ஒதுக்க சொல்ற காசு இதவிட கம்மி. இன்னொண்ணு, லோன் குடுக்கறவங்க பெரும்பாலும் ஃபுல் கவர் இன்சூரன்ஸ் எடுக்க சொல்லுவாங்க. இந்த வயசு வண்டிக்கு அது தேவையே இல்லாம இருக்கலாம், இருந்தாலும் லோன் முடியற வரைக்கும் கட்டணும்.

லோன் வேணாம்னா எப்படி? நான் சொல்ற வழி இதான். இன்னையிலேர்ந்து ஆறு மாசம், சம்பளத்துல பத்துல ஒரு பங்க தனி அக்கவுண்ட்ல போட்டுட்டே வாங்க. ஏன் 4 சதவீதம் இல்லாம 10னு கேட்டா, பைக் வந்ததுக்கப்புறம் உங்க பாக்கெட்லேர்ந்து உண்மையா போக போறது ஏறக்குறைய அவ்ளோதான், பெட்ரோல், டயர், ஆயில், செயின், இன்சூரன்ஸ் எல்லாம் சேந்து. ஆறு மாசம் நோகாம போட முடிஞ்சா உங்களால வண்டி வச்சுக்க முடியும். மூணாவது மாசமே கைய வச்சு எடுத்துட்டீங்கன்னா அதுவும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தான், வண்டி வாங்காமலே தெரிஞ்சிடுச்சு. ஆறு மாச முடிவுல 0.6 மாச சம்பளம் சேந்திருக்கும், ஏற்கனவே எடுக்க நெனச்ச ஒரு மாசத்தோட சேத்தா 1.6. சேமிப்புல மூணு மாசம் அப்படியே நிக்கும். அத தொடாதீங்க, புதுசா ரெண்டு சக்கரத்துல மண் ரோட்ல போறவனுக்கு கை முறிஞ்சு ஆறு வாரம் வேலைக்கு போக முடியாம போறது நடக்காத கத இல்ல.

இந்த 1.6தான் மொத்த பட்ஜெட், வண்டிக்கு மட்டும் இல்ல. அதுல 60 சதவீதம் வண்டி, 20 ரைடிங் கியர் (ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட் மாதிரி), 15 வாங்கின உடனே பண்ற வேலைகளுக்கு, 5 பேர் மாத்தறது இன்சூரன்ஸ் மாதிரி பேப்பர் செலவு. அப்ப வண்டிக்கு வர்றது ஏறக்குறைய ஒரு மாச சம்பளம். ரெண்டு மாச சம்பள வண்டி இதுல வராது, நீங்க பாத்திருக்க வண்டிக்கு நேர் பாதி. கொஞ்சம் கோவம் வரும், தெரியும்.

ஆனா 650 சிசி இன்ஜின விட 250 சிசி உங்களுக்கு சரியா வரும்னு நான் சொல்றது காசுக்காக மட்டும் இல்ல. அந்த கேஎல்ஆர் டேங்க் நிரப்பினா 190 கிலோ பக்கம் வரும். யமஹா எக்ஸ்டி250 ஏறக்குறைய 132 கிலோ, ஹோண்டா சிஆர்எஃப்250எல் 145 கிலோ பக்கம். ஸ்கூட்டர் மட்டும் ஓட்டினவரு மண்ணுல கத்துக்கும்போது நின்ன இடத்துலயே கால் வழுக்கி வண்டிய சாச்சு போடுவாரு, எல்லாருமே போடுவாங்க, அத தூக்கி நிறுத்தணும், ஒரு நாள்ல நாலாவது தடவ தூக்கும்போது அந்த 50 கிலோ வித்தியாசம் என்னன்னு இடுப்பு சொல்லும். ஒவ்வொரு தடவ சாயும்போதும் ஒரு லீவர், ஒரு கண்ணாடி, ஒரு இண்டிகேட்டர், கனமான வண்டின்னா ரேடியேட்டர் வரைக்கும் அடி போகும். சீட் உயரமும் பாருங்க. யமஹா டிடபிள்யூ200 சீட் ஏறக்குறைய 790 மிமீ, ஹோண்டா எக்ஸ்ஆர்650எல் 940 மிமீ, ரெண்டுமே டூயல் ஸ்போர்ட்தான், கால் தரையில படற கத வேற வேற. அப்புறம் கியர் வண்டிக்கு, அதுவும் இந்த சைஸ் இன்ஜினுக்கு உங்க லைசென்ஸ் செல்லுமான்னு நீங்க எழுதல, செல்லாதுன்னா ஒரு ட்ரெய்னிங் கிளாஸ் ஃபீஸும் அந்த 1.6க்குள்ளதான் வரணும், நல்ல செலவு அது.

சின்ன வண்டின்னதும் கேடிஎம் இஎக்ஸ்சி மாதிரி நம்பர் பிளேட் போட்ட என்டியூரோ பைக் (மண்ணுல போட்டிக்குன்னு செஞ்சது) பக்கம் போயிடாதீங்க. எடை கம்மி, ஓட்ட அருமையா இருக்கும், பழசு சில சமயம் நம்ப முடியாத விலைக்கு வரும். ஏன் வருதுன்னா அதோட மெயின்டனன்ஸ் கிலோமீட்டர் கணக்குல இல்ல, இன்ஜின் ஓடின மணி கணக்குல. சிலதுக்கு ஆயில் மாத்தறதே 15 மணி நேரத்துக்கு ஒரு தடவ, பிஸ்டனுக்கும் ஒரு மணி கணக்கு இருக்கு. மறுபக்கம் யமஹா டபிள்யூஆர்250ஆர் பாருங்க, வால்வ் கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி) செக் 42,000 கிமீக்கு ஒரு தடவதான். விலை ஒரே மாதிரி இருந்தாலும் வருஷ செலவு ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

பழைய வண்டில எது பெரிய செலவு எது சின்ன செலவுன்னு பிரிக்க தெரிஞ்சா போதும், மெக்கானிக் ஆக வேண்டாம். டயர், செயின், பிரேக் பேட், ஃபோர்க் சீல், அழுக்கு பிடிச்ச கார்புரேட்டர் எல்லாம் சின்ன செலவு, இதெல்லாம் விலைய குறைக்க பேசறதுக்கு உங்களுக்கு கிடைச்ச பாயிண்ட்டு. சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, சோக்க எடுத்தா நின்னு போகுதுன்னா பெரும்பாலும் ரொம்ப நாள் நின்ன வண்டி, பழைய பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்ல (பெட்ரோல் போற சின்ன ஓட்டை) அடச்சிருக்கு, பயப்பட வேணாம். டயர் பக்கவாட்டுல டாட் (DOT) எழுத்துக்கள் பக்கத்துல கடைசி நாலு இலக்கம் பாருங்க, 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் கல்லாயிருக்கும், புது டயர் செலவ விலைல கழிங்க. பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசி முனைல செயின பின்னாடி இழுத்து பாருங்க, பாதி பல்லு வெளிய தெரிஞ்சா செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேத்து மாத்தணும்.

பெரிய செலவு இன்ஜின். டூயல் ஸ்போர்ட்ல இன்ஜின கொல்றது கிலோமீட்டர விட தூசி. அதனால நான் யாருக்கு சொன்னாலும் ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லுவேன், ஏர் ஃபில்டர் மூடிய கழட்டி காட்ட சொல்லுங்க. இந்த வண்டிகள்ல நிறையதுக்கு ஸ்பான்ஜ் ஃபில்டர்தான், ஆயில் தடவி போடணும். ஸ்பான்ஜ் காஞ்சு பொடிப்பொடியா உதிர்றதா, ஓரத்துல சரியா உக்காந்திருக்கா பாருங்க. அப்புறம் ஃபில்டர எடுத்துட்டு அதுக்கு உள்பக்கம், இன்ஜினுக்கு போற அந்த ரப்பர் குழாய்க்குள்ள சுத்தமான துணிய சுத்தின விரல விட்டு தேய்ச்சு எடுங்க. துணில மண் கலர் வந்துச்சுன்னா அந்த தூசி சிலிண்டருக்குள்ளயும் போயிருக்கு, பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், அந்த வண்டிய எவ்ளோ குறைச்சு குடுத்தாலும் விட்டுடுங்க. மினுமினுப்பான பெயின்ட்டும் புது ஸ்டிக்கரும் இத மறைக்க முடியாது.

போறதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, நான் வந்தப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணனும்னு. போனதும் இன்ஜின் மேல கைய வைங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க, முன்னாடியே சூடு ஏத்தி வச்சா ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆக கஷ்டப்படறது (கோல்ட் ஸ்டார்ட்) உங்களுக்கு தெரியாது. முன் சக்கரத்த தூக்கி வச்சு ஹேண்டில மெதுவா திருப்புங்க, நடுவுல ஒரு இடத்துல சிக்கி நிக்கற மாதிரி இருந்தா ஸ்டியரிங் பேரிங் போச்சு, அது நடுத்தர செலவு. பின்னாடி பத்தடி தள்ளி நின்னு வால் பகுதி சக்கரத்துக்கு நேரா இருக்கான்னு பாருங்க, கோணலா இருந்தா பெருசா விழுந்த வண்டி. ஃபிரேம் நம்பரும் பேப்பர்ல இருக்க நம்பரும் ஒத்து போகலன்னா பேச்சே கிடையாது, கிளம்பிடுங்க.

சைடு பாக்ஸ், லைட், சைலன்சருக்கு தனியா காசு குடுக்காதீங்க. போட்டவருக்கு அது செலவு, உங்களுக்கு அது விலைல சேர கூடாது, ஏன்னா நீங்க விக்கும்போது உங்களுக்கும் யாரும் குடுக்க மாட்டாங்க. மாத்தின சைலன்சர்னா ஒரிஜினல் எங்கன்னு கேட்டு அதையும் வாங்கிக்கோங்க, வண்டிய சோதிக்கற டெஸ்ட்ல சத்தத்துக்கு மடக்கினா திரும்ப மாட்டணும், விக்கும்போதும் ஒரிஜினல் பார்ட்ஸோட இருக்க வண்டிக்கு மதிப்பு ஜாஸ்தி.

ரைடிங் கியர்ல செகண்ட் ஹேண்ட் ஜாக்கெட், பேன்ட் ஓகே, ஹெல்மெட் மட்டும் புதுசு, எங்க எப்படி விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. காசு பத்தலன்னா மத்தத குறைச்சுட்டு பூட்ஸ்ல போடுங்க, மண்ணுல விழும்போது கால் வண்டிக்கு அடியில மாட்டறதுதான் அதிகம். இன்சூரன்ஸ்ல அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான கவர் கட்டாயம் வேணும். சொந்த வண்டி சேதத்துக்கான கவர், கேஷ்ல வாங்கின சின்ன பழைய வண்டிக்கு யோசிச்சு எடுங்க, லீவர் உடைஞ்சது கண்ணாடி உடைஞ்சதுக்கெல்லாம் வர்ற பில்லு கிளைம்ல நீங்க கைலேர்ந்து போட வேண்டிய தொகைக்குள்ளயே முடிஞ்சிடும், கிளைம் பண்ணவே வேலை இருக்காது. அந்த பிரீமியத்த உங்க உடம்புக்கான ஆக்சிடென்ட் கவர்ல போடுங்க, எடுக்கும்போது பைக் ஓட்டறேன், மண் ரோட்லயும் ஓட்டறேன்னு மறைக்காம சொல்லி எடுங்க.

இவ்ளோ சொல்லியும் மனசு அந்த கேஎல்ஆர்லயே நிக்குதுன்னா, வண்டிய குறை சொல்ல மாட்டேன், 1987லேர்ந்து வந்த டிசைன், பார்ட்ஸ் கிடைக்கும், கரடுமுரடா உழைக்கும். ஆனா 2007 வரைக்கும் வந்த மாடல்கள்ல பேலன்ஸர் (இன்ஜின் அதிர்வ குறைக்கற பாகம்) செயின டைட் பண்ற ஒரு சின்ன லீவர் உள்ள உடையற பழக்கம் உண்டு, ஓட்டறவங்க அதுக்கு டூஹிக்கின்னே பேர் வச்சிருக்காங்க. நல்ல தரமான லீவரும் ஸ்பிரிங்கும் போட்டாச்சான்னு விக்கறவர்கிட்ட கேளுங்க. போட்டாச்சுன்னா பில்லயோ கழட்டின பழைய பீஸையோ காட்டுவாரு. என்னன்னே தெரியாதுன்னு சொன்னா அந்த வேலைக்கான கூலியும் பார்ட்ஸும் விலைல கழியணும், அந்த வேலை முடியற வரைக்கும் லாங் ரைடு கிடையாது.

அட்வான்ஸ் பத்தி. திருப்பி கேளுங்க, குடுத்தா சந்தோஷம். குடுக்கலன்னா விட்டுடுங்க, அந்த சின்ன தொகைய காப்பாத்தறதுக்காக நூத்துக்கு 36 வட்டி கட்டறது கணக்கே இல்ல. ஏர் ஃபில்டர் மூடிய கழட்ட விட மாட்டேன், கோல்ட் ஸ்டார்ட் காட்ட மாட்டேன்னு அவரு சொன்னாருன்னா திருப்பி கூட கேக்க வேணாம், அன்னைக்கே ஆறு மாச கணக்க ஆரம்பிச்சிடுங்க.